இரண்டாண்டா, நான்காண்டா? – பட்டக் கல்வியின் வரவு செலவு பற்றிய ஓர் ஆராய்வு

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவருங் காலத்தில் நம் சங்கத்தவரை நாடி வரும் பெற்றோர் பலர். அவருள் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், வயற்காணியொன்றின் உறுதியைக் கையிற் கொண்டு வந்தார். "இதை ஈடு வைத்து மகனை அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். அங்கே இரண்டு வருடப் பட்டமும் உண்டாம், நாலு வருடப் பட்டமும் உண்டாம். போட்ட காசு எதிலே திரும்பி வரும்?" என்பது அவர் வினா. அன்று நாம் உடனே விடை கூற இயலாதவர்களாய் இருந்தோம். உறுதி திரும்பவும் பெட்டியிற் போய்ச் சேர்வதா, கைமாறுவதா என்பது நம் வாய்ச்சொல்லில் தங்கியிருந்தமையால், கணக்கைப் பார்த்தே பேசுதல் வேண்டும் எனத் துணிந்தோம். அக்கணக்கினையே இம்மலர் வாயிலாக மாணவர்க்கும் பெற்றோர்க்கும் முன்வைக்கின்றோம்.

இருவகைப் பட்டங்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இரண்டாண்டிற் பெறப்படுவது அசோசியேற் பட்டம். நான்காண்டிற் பெறப்படுவது இளமாணிப் பட்டம். முன்னையதை வழங்குவன பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகள். இவற்றுள் அரசினர் நிறுவனமாக இன்றுவரை நிலைத்துள்ளவற்றில் மூத்தது இலினோய் மாநிலத்தில் 1901 இல் தொடங்கிய ஜோலியற் கல்லூரி. சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெயினி ஹாப்பரும், ஜோலியற் உயர்தரப் பாடசாலை அதிபர் ஸ்ரான்லி பிறௌணும் கூடி இதனைத் தோற்றுவித்தனர். வீட்டில் இருந்தபடியே முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைப் படித்து, எஞ்சியவற்றைப் பல்கலைக்கழகத்திற் சென்று முடித்தலே அன்றைய நோக்கம்.

போர் முடிந்து மீண்ட வீரர்க்குக் கல்விச் செலவளித்த 1944 ஆம் ஆண்டுச் சட்டமும், ஜனாதிபதி ற்றூமன் அமைத்த ஆணைக்குழுவின் 1947 ஆம் ஆண்டு அறிக்கையும் இக்கல்லூரிகள் நாடெங்கும் பரவ வழிசெய்தன. கலிபோர்ணியா மாநிலம் 1960 இல் வகுத்த பெருந்திட்டம், சமுதாயக் கல்லூரியினின்று பல்கலைக்கழகத்துக்கு ஏறிச் செல்லும் படியை முறையாக அமைத்தது. காலப்போக்கில் இக்கல்லூரிகள் இரு தொழில்களை மேற்கொண்டன. ஒன்று, மேற்படிப்புக்கு ஆயத்தஞ் செய்தல். மற்றையது, தாதியம், இயந்திரத் திருத்தம், பற்சுகாதாரம் முதலாய தொழில்களுக்கு நேரே பயிற்றுதல். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதார் பின்வரும் கணக்கைப் பிழையாக விளங்கிக்கொள்வர்.

ஊதியத்தின் கணக்கு

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரத் திணைக்களம் 2023 ஆம் ஆண்டிற்கு வெளியிட்ட விபரத்தை எடுத்துக்கொள்வாம். இருபத்தைந்து வயதும் அதற்கு மேலும் உடையராய் முழுநேரம் உழைப்போரின் வாரவூதிய இடையம் வருமாறு: உயர்தரப் பாடசாலையுடன் நின்றோர்க்கு 899 டொலர்; கல்லூரி சென்று பட்டமின்றி நின்றோர்க்கு 992; அசோசியேற் பட்டத்தார்க்கு 1,058; இளமாணிகளுக்கு 1,493. வேலையின்மை வீதமும் அசோசியேற் பட்டத்தாரிடையே நூற்றுக்கு 2.7, இளமாணிகளிடையே 2.2 எனவே இருந்தது.

ஆகவே இரு பட்டத்தார்க்கும் இடையிலுள்ள வேறுபாடு வாரத்துக்கு 435 டொலர். ஆண்டுக்கு 22,620 டொலர். இதனை மட்டும் கண்டு நான்காண்டே சிறந்தது என முடிவு கட்டுதல் அவசரமாகும். வரவைக் கண்டோம், செலவை இனிக் காண்பாம்.

செலவின் கணக்கு

2023–24 கல்வியாண்டில் அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரியொன்றில் அவ்வூர் மாணவர் செலுத்திய ஆண்டுக் கட்டணம் சராசரி 3,990 டொலர். அரசினர் நான்காண்டுக் கல்லூரிகளில் அம்மாநிலத்தார்க்கு 11,260 டொலர். தனியார் கல்லூரிகளில் 41,540 டொலர். அரசினர் கல்லூரிகளையே கொண்டு கணித்தால், இரண்டாண்டுப் பட்டத்துக்குக் கட்டணம் 7,980. நான்காண்டுப் பட்டத்துக்கு 45,040. மேலதிகம் 37,060 டொலர்.

இதனோடு செலவு முடிந்தது என்று எண்ணுவோர் பலர். பொருளியல் மாணவர் அமையச் செலவு என்று படிப்பதனை ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும். ஒருவன் மேலும் இரண்டாண்டு படிக்கும்போது, அவ்விரண்டாண்டிலும் உழைத்திருக்கக்கூடிய ஊதியத்தை இழக்கின்றான். இளைஞனின் தொடக்கவூதியம் இடையத்திற் குறைந்ததே. எனினும் கணக்கை இறுக்கமாகவே போடுவாம் எனின், 1,058 டொலர் வீதம் இரண்டாண்டுக்கு 110,032 டொலர். இரண்டையுங் கூட்ட 147,092 டொலர். ஆண்டுக்கு 22,620 வீதம் இது மீள்வதற்கு ஏறக்குறைய ஆறரை ஆண்டு செல்லும். வட்டியும் வரியும் சேர்க்கின் இன்னுஞ் சிறிது நீளும். எவ்வாறாயினும், இருபத்திரண்டு வயதில் வெளிவருபவன் முப்பது வயதளவில் முதலை மீட்டுவிடுவான். அதற்குப் பின் முப்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்புக் காலத்தில் வருவது அவனுக்கு இலாபமே.

ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமொன்று 2021 இல் வெளியிட்ட கணிப்பும் இதனையே சொல்லும். வாழ்நாள் ஊதிய இடையம் உயர்தரப் பாடசாலையார்க்கு 16 இலட்சம் டொலர், அசோசியேற் பட்டத்தார்க்கு 20 இலட்சம், இளமாணிகளுக்கு 28 இலட்சம் என்பது அதன் முடிபு.

கணக்குப் பிழைக்கும் இடங்கள்

மேற்கூறியது இடையத்தின் கணக்கு. இடையம் என்பது நடுவில் நிற்பவனின் ஊதியம். நம் பிள்ளை அங்கேதான் நிற்பான் என்பதற்கு எவரும் பிணை நிற்கமாட்டார். இக்கணக்கு மூன்றிடங்களிற் பிழைக்கின்றது.

முதலாவது, காலம். நான்காண்டில் முடியவேண்டியதனை ஆறாண்டில் முடிப்போர் அந்நாட்டிற் பலர். அவ்வாறாயின் கட்டணம் 22,520 டொலரும், இழந்த ஊதியம் மேலும் 110,032 டொலரும் கூடும். மொத்த மேலதிகம் 279,644 டொலர் ஆகி, முதல் மீள்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேற் செல்லும். பாதியில் நின்றவன் நிலையோ மிக இரங்கத்தக்கது. அவன் பெறுவது 992 டொலர் வரிசையிலுள்ள ஊதியம். இரண்டாண்டில் முறையாக முடித்தவனிலும் குறைவு. அதன்மேற் கடனும் உண்டு. முடிக்காத நான்காண்டினும் முடித்த இரண்டாண்டு மேலானது.

இரண்டாவது, துறை. பற்சுகாதாரப் பணியாளர் அந்நாட்டில் அசோசியேற் பட்டத்துடனேயே தொழிலுக்குச் செல்வர். 2023 இல் அவர்தம் ஆண்டூதிய இடையம் 87,530 டொலர். இளமாணிகளின் இடையத்தை ஆண்டுக்குப் பெருக்கினால் வருவது 77,636 டொலரே. பொதுக்கலைப் பாடங்களில் அசோசியேற் பட்டம் பெற்று அவ்வளவில் நின்றவனுக்கோ சந்தையில் மதிப்புக் குறைவு. ஏனெனில் அப்பட்டம் மேற்படிப்புக்கு ஏணியாக அமைந்ததேயன்றித் தொழிலுக்குக் கருவியாக அமைந்ததன்று. ஏணியின் நடுவில் நின்று கூரையை எட்டவில்லை என வருந்துதல் ஏணியின் குற்றமாகாது.

மூன்றாவது, வாயில்கள் மூடுதல். தாதியர்க்கான இரண்டாண்டுக் கல்வியை மில்றெட் மொன்ராக் என்னும் அம்மையார் 1952 இற் பரிசோதனையாகத் தொடங்கினார். இரண்டாண்டு படித்தவரும் நான்காண்டு படித்தவரும் ஒரே அனுமதிப் பரீட்சைக்கே தோற்றுகின்றனர். ஆயினும் பெரிய வைத்தியசாலைகள் இளமாணிகளையே விரும்பத் தொடங்கின. நியூயோர்க் மாநிலம் 2017 இல் இயற்றிய சட்டம், புதிதாகப் பதிவு பெறும் தாதியர் பத்தாண்டுக்குள் இளமாணிப் பட்டம் பெறுதல் வேண்டும் என விதித்தது. இன்று போதுமானதாய் உள்ள தகைமை நாளை போதாமற் போகலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இடைவழி ஒன்று

இரண்டாண்டைச் சமுதாயக் கல்லூரியிலும் எஞ்சிய இரண்டாண்டைப் பல்கலைக்கழகத்திலும் கற்றால், கட்டணம் 30,500 டொலரில் முடியும். மிச்சம் 14,540 டொலர். கையிற் கிடைப்பதோ அதே இளமாணிப் பட்டம். கேட்பதற்கு இனிய இவ்வழி நடப்பதற்கு அவ்வளவு எளிதன்று. சமுதாயக் கல்லூரியிற் சேர்வோருள் மூவரில் ஒருவரளவே பல்கலைக்கழகத்துக்கு மாறுகின்றனர். ஆறாண்டுக்குள் இளமாணிப் பட்டம் பெறுவோர் சேர்ந்தவருள் நூற்றுக்குப் பதினாறு பேரளவே. மாறிச் செல்லும்போது, படித்துத் தேறிய பாடங்கள் சிலவற்றைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்க மறுப்பது பெருந்தடை. ஆகவே இவ்வழியிற் செல்வோன், எப்பாடங்களை எப்பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை முதல்நாளிலேயே எழுத்திற் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

நம் நாட்டு மாணவர்க்கு

அமெரிக்கக் கணக்கை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் கூடாது. நம் நாட்டு அரசினர் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவர் கட்டணஞ் செலுத்துவதில்லை. ஆதலால் இங்கே பெருஞ்செலவு பணமன்று, காலமே. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களும், மீண்டும் பரீட்சைக்குத் தோற்றும் ஆண்டுகளும், பட்டத்தின்பின் உத்தியோகம் வரும்வரை கழியும் காலமும் கணக்கிற் சேரவேண்டியவை. 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருந்த காட்சியை நாம் மறந்துவிடவில்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி, நம் பிள்ளைகளைத் தொழிற்கல்வியினின்று நெடுங்காலம் விலக்கி வைத்தது. இன்று வழிகள் பல. 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளைகள் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய இடங்களில் உயர் தேசிய டிப்ளோமாவை வழங்குகின்றன. தேசியத் தொழிற்றகைமை ஏழு படிகளை உடையது. ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்குரியன, ஏழாவது பட்டத்துக்குரியது. அவ்வேழாவது படியை எட்டுவதற்கென்றே 2008 இல் இரத்மலானையில் தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. எனவே டிப்ளோமாவுடன் தொழிலுக்குச் செல்லும் மாணவன் பட்டத்தைக் கைவிட்டவன் அல்லன். அதனைப் பின்போட்டவன் மாத்திரமே.

உறுதி கொண்டு வந்தவருக்கு

அந்தத் தந்தையாருக்கு நாம் கூறியதையும் ஈண்டுச் சொல்லுதல் கடன். வெளிநாட்டு மாணவனுக்கு உள்ளூர்க் கட்டணம் பொருந்தாது. 2023–24 இல் வெளிமாநிலத்தார்க்கு அரசினர் கல்லூரிகள் விதித்த சராசரிக் கட்டணம் 29,150 டொலர். நான்காண்டுக்கு 116,600 டொலர். படிக்குங் காலத்தில் வளாகத்துள் வாரத்துக்கு இருபது மணி நேரமே வேலை செய்யலாம். எல்லாவற்றிலும் மேலாக, மேற்கண்ட ஊதியங்கள் அங்கே தங்கி உழைப்பார்க்கே உரியன. நாடு திரும்புவானுக்கு உரியன அல்ல. காணியை ஈடு வைத்தால் அமெரிக்க ஊதியம் வந்தாலன்றி அது மீளாது.

அவர் சிறிது நேரம் மௌனமாய் இருந்து, "அப்படியானால் தம்பியையே கேட்கவேணும், அவனுக்கு என்னதான் விருப்பமென்று" என்றார். அதுவரை அவ்வினா அவ்வீட்டில் எழவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

மாணவர்களே, நும் முன்னுள்ள வினா இரண்டா நான்கா என்பதன்று. எடுத்ததை முடிக்கும் விருப்பும் ஆற்றலும் உண்டா, முடித்த பின் எத்தொழிலின் வாயில் திறக்கும், அதற்கு மேற் செல்லப் படி உண்டா என்னும் மூன்றையும் முதலிற் கேளுங்கள். முடிக்கத்தக்கவனுக்கு நான்காண்டே பெரும்பாலும் மிகுந்த பயன் தருவது. ஐயமுடையவன் குறுகிய படியில் ஏறி, உழைத்து, மீண்டும் ஏறுதலே தக்கது. விடைகளை ஒரு தாளில் எழுதி, பெற்றோர்முன் வைத்துப் பேசுங்கள். காணியுறுதியைப் பெட்டியினின்று எடுப்பது அதற்குப் பின்னர் ஆகட்டும்.