மூளைச் சிரையில் இரத்த உறைவு: காய்ச்சலுக்குப் பின் வரும் கடுந்தலைவலியைப் பற்றி ஊரார் அறிய வேண்டியவை

ஊர் நலம் என்பது சாலையும் கிணறும் பள்ளிக் கட்டடமும் மட்டும் அன்று. உழைக்கும் கைகளும் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் நலமாயிருந்தால்தான் அவை பயன் தரும். ஆகவே இக்கட்டுரையில் ஒரு நோயைப் பற்றிச் சிறிது விளக்க முற்படுகிறோம். இது அடிக்கடி வரும் நோயன்று. ஆயினும் இது பெரும்பாலும் இளம் வயதினரையே, சிறப்பாகப் பெண்களையே, பற்றுகிறது. உரிய காலத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலோர் பிழைத்து எழுவர். பேய் பிடித்தது என்றும் ஜன்னி கண்டது என்றும் நாட்களைக் கடத்தினால் உயிருக்கே கேடு விளையும்.

வாய்க்காலும் வடிகாலும்

நன்செய் நிலத்திற்கு வாய்க்காலும் வேண்டும், வடிகாலும் வேண்டும் என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மூளைக்கும் அவ்வாறே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. தமனிகள் வாய்க்காலைப் போல இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. சிரைகள் வடிகாலைப் போல அதைத் திரட்டிக் கழுத்தின் வழியாக இதயத்திற்கு அனுப்புகின்றன. வாய்க்கால் அடைபட்டால் பயிர் வாடும். நாம் பொதுவாக அறிந்த பக்கவாதம் பெரும்பாலும் இவ்வகையினது. வடிகால் அடைபட்டால் நீர் தேங்கிப் பயிர் அழுகும். சிரையில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்போது மூளையில் இரத்தம் தேங்கி வீக்கம் உண்டாகிறது. சில வேளைகளில் இரத்தம் கசியவும் செய்கிறது. இதுவே மூளைச் சிரை இரத்த உறைவு எனப்படும்.

வைரஸ் காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குழாய்க்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன: ஓட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் கெடுதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல். ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின் வழிவந்த கருத்து இது. கடுமையான வைரஸ் தொற்றில் இம்மூன்றும் ஒருங்கே கூடக்கூடும். கிருமியும் அதனால் எழும் அழற்சியும் குழாயின் உட்சுவரைத் தாக்குகின்றன. அழற்சியினால் இரத்தம் எளிதில் உறையும் நிலையை அடைகிறது. காய்ச்சல், வியர்வை, வாந்தி ஆகியவற்றால் உடலின் நீர் வற்றுகிறது. படுத்த படுக்கையாக இருப்பதால் ஓட்டமும் மந்தமாகிறது.

2020-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியது. சின்னம்மைக்குப் பின்னும் இந்நோய் அரிதாக வருவதுண்டு. உறைவைத் தடுத்து நிற்கும் ‘புரோட்டீன் எஸ்’ என்னும் புரதம் அம்மைக்குப் பின் சிலரிடம் குறைந்துபோவது அதற்கு ஒரு காரணமாகும்.

2021-ஆம் ஆண்டில் அடினோ வைரஸ் வகையைச் சார்ந்த சில கொரோனாத் தடுப்பூசிகளுக்குப் பின்னும் மிக அரிதாக இத்தகைய உறைவு காணப்பட்டது. பல நாடுகள் அவற்றைச் செலுத்துவதில் வயது வரம்பு விதித்தன. இதைக் காரணமாகக் கொண்டு குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவிர்ப்பது முற்றிலும் தவறாகும்.

தாய்மாரைப் பற்றிய கவலை

பிள்ளைப்பேற்றின் இறுதி மாதங்களிலும், பேற்றுக்குப் பின் ஆறு வாரங்களிலும் பெண்களின் இரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை மிகுந்திருக்கும். பேற்றின்போது இரத்தப்போக்கைத் தடுக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. மதுரை மருத்துவர் கே. சீனிவாசன் கருவுற்றோரிடமும் பேறு கண்டோரிடமும் மூளைக் குழாய்களில் உண்டாகும் உறைவைப் பற்றி 135 நோயாளிகளை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவ நூல்களில் எடுத்துக் காட்டப்படுகிறது.

‘பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கலாகாது’ என்று சில வீடுகளில் இன்றும் கட்டுப்பாடு செய்கிறார்கள். பெரியோர்கள் அன்பினால் செய்வதே இது. எனினும் தீங்கு பயப்பது. உடலில் நீர் வற்றினால் இரத்தம் தடிக்கும். இரத்தசோகையும் காய்ச்சலும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும். மருத்துவர் வேறு விதமாகச் சொன்னாலன்றி, பேறு கண்ட தாய்க்குத் தாகம் தீரக் காய்ச்சி ஆறிய நீர் கொடுத்தல் வேண்டும்.

அறிகுறிகள்

தலைவலி எல்லோருக்கும் வருவது. பெரும்பாலானவை தாமே தீரும். ஆனால் காய்ச்சலுக்குப் பின்னரோ பேற்றுக்குப் பின்னரோ பின்வருவன தோன்றினால் தாமதிக்கலாகாது:

1. நாளுக்கு நாள் வளரும் கடுந்தலைவலி. படுத்தாலும், இருமினாலும், முக்கினாலும் மிகுவது.
2. தலைவலியோடு வாந்தி, பார்வை மங்குதல், இரண்டிரண்டாகத் தெரிதல்.
3. வலிப்பு.
4. கையோ காலோ ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குழறுதல்.
5. அறிவு தடுமாறுதல், மயக்கம்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதாலும் வாயில் நீர் ஊற்றுவதாலும் பயனில்லை. நீர் மூச்சுக்குழாயில் புகுந்து கேடு செய்யும்.

சிகிச்சை

சாதாரண ஸ்கேனில் இந்நோய் சில வேளைகளில் புலப்படாது. சிரைகளைத் தனியே காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை வேண்டும். ஆகவே அண்மையில் வந்த காய்ச்சல், பேறு நடந்த நாள், உட்கொள்ளும் கருத்தடை மாத்திரை ஆகியவற்றை உறவினர் மருத்துவரிடம் தாமே முன்வந்து கூறுதல் நலம்.

உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்து முதலில் ஊசியாகத் தரப்படுகிறது. பின்னர்ச் சில மாதங்கள் மாத்திரை உண்ண வேண்டும். ‘மூளையில் இரத்தம் கசிந்திருக்கும்போது இம்மருந்து தகுமா?’ என்று உறவினர் அஞ்சுவதுண்டு. அடைப்பு நீங்கினால்தான் தேக்கம் குறையும். ஆகவே கசிவு இருப்பினும் மருத்துவர்கள் ஆராய்ந்து இதனைத் தருகிறார்கள். பல நாடுகளைச் சேர்ந்த 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2004-இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 79 பேர் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ குணமடைந்தனர். ஏறத்தாழ 8 பேர் இறந்தனர்.

ஊராட்சி செய்யக்கூடியவை

கிராம சபைக் கூட்டத்தில் இவ்வறிகுறிகளைப் படித்துக் காட்டலாம். பேறு கண்ட தாய்மாரின் இல்லங்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் செல்வதற்கு உறுப்பினர்கள் துணை நிற்கலாம். 108 ஊர்தி வந்து திரும்பும்படி தெருவழியைத் தடையின்றி வைத்திருக்கலாம். கொசு பெருகும் தேக்கங்களை அகற்றிக் காய்ச்சலையே குறைக்கலாம். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை, அக்கறையே வேண்டும்.

வடிகால் அடைபட்டதென்று அறிந்த உழவர் மண்வெட்டியைத் தேடி உடனே ஓடுகிறார். மறுநாள் பார்ப்போம் என்று இருப்பதில்லை. நம் வீட்டுப் பெண்மக்களின் தலைவலிக்கும் அந்த விரைவைக் காட்டுவோமாக.