ஊசி போட்ட இடம் தடித்துப்போனால்...

எம்.எஸ். என்றால் எங்கள் உப்பள ஊரான அனுமந்தையில் பாட்டுக்கார அம்மாவைத்தான் நினைப்பார்கள். என் தங்கைக்கு வந்த எம்.எஸ். வேறு: மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரிக்கிற நோய். வாரம் மூன்று நாள் கிளாட்டிராமர் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். போட்ட இடம் சிவந்து, எட்டணா அகலத்துக்குத் தடித்துவிடும். நோயைவிட அந்த அரிப்புதான் அவளை அழவைத்தது. பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

1. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடாதீர்கள். சில்லென்ற மருந்து எரியும். என் தங்கை உலை வைக்கும்போது ஊசியை வெளியே எடுத்துவைப்பாள். சோறு வடித்ததும் போடுவாள். அரை மணி நேரம் சரியாக இருக்கும். வெந்நீரில் போட்டுச் சூடாக்கவே கூடாது.

2. உப்பளக் காற்றில் தோலெல்லாம் பிசுபிசுப்பு. முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் தானாகக் காயட்டும், வாயால் ஊதாதீர்கள்.

3. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தொடை, வயிறு, இடுப்பு, மேல்கையின் பின்புறம் என்று முறைவைத்துக்கொள்ளலாம். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட்டு, மிச்சத்தைப் பாத்தி பிரியுங்கள். ஒரு இடத்தில் போட்டால் அங்கே ஒரு வாரத்துக்குக் கை வைக்கக்கூடாது. ‘இடது தொடை’ என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். தினசரி காலண்டர் வேண்டாம். மறுநாள் கிழித்ததும் கணக்கும் குப்பைக்குப் போய்விடும்!

4. உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்லாத ஆளில்லை. உப்பு விளைகிற ஊராயிற்றே! ஆனால் இந்த நோயில் தோல் மரத்துப்போயிருக்கலாம். சூடு தெரியாமலே கொப்புளித்துவிடும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, போட்ட பிறகு ஐந்து நிமிடம் ஒற்றினால் போதும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரிப்பு பொறுக்கவில்லை என்றால் களிம்பை டாக்டரே எழுதித் தரட்டும்.

5. போட்ட இடத்தை 24 மணி நேரம் தேய்க்கக்கூடாது. பழக்கதோஷத்தில் கை போகத்தான் செய்யும்.

6. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கரண்ட் போய்விட்டது. மருந்தை டப்பாவில் மூடி, ஈர மணல் கொட்டிய மண்பானைக்குள் வைத்தோம். கிளாட்டிராமர் ஃபிரிட்ஜுக்கு வெளியே 30 டிகிரிக்குள் ஒரு மாதம் வரை தாங்கும். சித்திரையில் எங்கள் வீடு 30-ல் எங்கே நிற்கிறது! ஐஸ் மேல் நேரடியாக வைத்து உறைந்துவிட்டாலும் அந்த ஊசி வீண்தான்.

7. சிவப்பும் தடிப்பும் சில நாளில் அடங்கும். தோல் குழி விழுந்தால் அங்கே மறுபடி போடாதீர்கள். அந்தக் குழி பெரும்பாலும் நிரம்பாது. கறுத்தாலோ நீர் கசிந்தாலோ நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடம்பெங்கும் தடிப்பு என்றால் உடனே 108. பல வருஷம் போட்டுப் பழகியவர்களுக்கும் இப்படி வரலாம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது.

8. ஊசியைக் குப்பையில் வீசாதீர்கள். வெறுங்காலோடு உப்பளத்துக்கு நடக்கிற ஊர் இது. கெட்டியான பினாயில் டப்பாவில் போட்டு மூடிவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிடுகிறோம்.