ஊதா விளக்கின் கீழும் துளசி வெளுப்பது ஏன்?

கேள்வி: எங்களுடையது புதுச்சேரி வைசியாள் வீதியில் உள்ள வடக்குப் பார்த்த பழைய வீடு. மழைச் சாரலுக்குப் பயந்து முற்றத்தின் மேல் தகரக் கூரை போட்டோம். அதன்பின் செடிகள் வாடவே, செடிக்கென்றே விற்கும் ஊதா நிற விளக்கு ஒன்றை வாங்கி, செடிகளுக்கு ஐந்தடி மேலே மாட்டினேன். மணி பிளாண்ட் ஒருவாறு நிற்கிறது. துளசியோ நெட்டையாக வளர்ந்து வெளுக்கிறது. சிவப்பு இன்னும் கூடுதலான விளக்கு வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம். கடைக்காரர் மகிழ்வார், துளசி மகிழாது.

சிவப்பும் நீலமும்தான் செடிக்குச் சாப்பாடு, பச்சை ஒளி வீண் என்ற எண்ணம் பள்ளிப் பாடத்திலிருந்தே நம்மோடு வருகிறது. 1882இல் ஜெர்மானியர் எங்கல்மன் பாசி இழை ஒன்றின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை விழவைத்தார். ஆக்சிஜனைத் தேடும் பாக்டீரியாக்கள் சிவப்பு, நீலப் பகுதிகளில் மொய்த்தன. அது சரியான சோதனைதான். ஆனால் முழு இலை பாசி இழையைவிடத் தடிமனானது. 1972இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை கணிசமாக நடப்பதைக் காட்டினார். இலை பச்சை ஒளியில் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கொஞ்சமே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது.

அப்படியானால் ஊதா விளக்கு எதற்கு? பெரிய பசுமைக்குடில்களில் மின்செலவைக் குறைக்க. கூடத்துக்கு வெள்ளை எல்.இ.டி.யே போதும், நீலமும் பச்சையும் சிவப்பும் அதிலேயே உண்டு. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் மாவுப்பூச்சி ஏறுவதும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது என் தனிப்பட்ட புகார்.

உங்கள் துளசிக்குக் குறைவது நிறமல்ல, அளவு. நெட்டையாக நீள்வது ஒளியைத் தேடி அது கழுத்தை நீட்டுவதுதான். இந்தக் குறையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இருட்டுக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒளி ஒரு பரப்பில் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்கெரியும் கூடம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். வெள்ளை விளக்கின் லக்ஸைக் கைப்பேசிச் செயலியில் தோராயமாகப் பார்க்கலாம். ஊதா விளக்குக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள், ஏனென்றால் லக்ஸ் என்பதே மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு.

அடுத்தது உயரம். விளக்கு விலக விலக ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதாவது தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகும். சின்ன பல்பானால் ஐந்தடியிலிருந்து ஓரடிக்கு இறக்கியதும் ஏறக்குறைய 25 மடங்கு கிடைக்கும். புது விளக்கு வாங்குவதற்கு முன் ஒரு கயிறு வாங்குங்கள்.

வாங்கியே தீருவதென்றால் பெட்டியில் '200 வாட்டுக்குச் சமம்' என்றிருப்பதை விட்டுவிட்டு, உண்மையில் இழுக்கும் வாட்டைப் பாருங்கள். கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காத பிடிமானமாகவும் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் மணி பிளாண்டுக்குத்தான் நிறைவு. இலைக்கு ஓரிரண்டாயிரம் லக்ஸ் கிடைத்தாலே அது பிழைத்துக்கொள்ளும். துளசி வெயில் செடி. அதற்குப் பத்தாயிரத்துக்கு மேல், நாள் முழுக்க வேண்டும். துளசி மாடத்தை முற்றத்தில் கட்டியவர்கள் லக்ஸ் அளக்கவில்லை. அங்கே மேலே வானம் இருந்தது. எனவே தகரக் கூரையில் ஓரிரு தகடுகளை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போடுங்கள். சாரலும் வராது.

வடக்குப் பார்த்த வீடு என்று வருந்தவும் வேண்டாம். தெற்கு ஜன்னலே சிறந்தது என்பது ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது. நம் ஊர் ஏறக்குறைய 12 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்கிறது. எதிர்வீட்டு மாடி மறைக்காவிட்டால் அந்த மாதங்களில் காலையும் மாலையும் உங்கள் வாசலுக்கே வெயில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழைமூட்டத்துக்குத்தான் மணி பிளாண்டுக்கு விளக்கு தேவைப்படும். டைமர் வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள்; 20 வாட் விளக்குக்கு மாதம் ஏழு யூனிட் சொச்சம் ஆகும்.