கண் மூடிய கோழிக்கு எந்த மருந்து?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடு நனைந்து, மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டால் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாட்டுக் கோழிகளுக்குச் சளி பிடிப்பது வழக்கம். மூக்கில் நீர் வடியும். ஒரு கண் மூடிக்கொள்ளும். கோழி இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். 'சீக்கு வந்துவிட்டது' என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கிக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. இரண்டுமே நட்டத்தில்தான் முடியும். பத்துப் பதினைந்து கோழிகள் உள்ள வீட்டில் அவசரச் செலவுக்குக் கைகொடுப்பவை அவைதாம். சீக்குக் கோழியை விற்றால் நோய் சந்தை வழியே அடுத்த ஊருக்கும் போய்ச் சேரும்.

கண் வீக்கமும் சளியும் ஒரே நோயின் அடையாளங்கள் அல்ல. ஐந்தாறு காரணங்களால் அவை வரக்கூடும். அவற்றுள் சில மருந்துக்குக் கட்டுப்படும். சில எந்த மருந்துக்கும் கட்டுப்படா. எனவே முதலில் சீக்குக் கோழியைப் பிடித்துத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தீனிக்கும் தண்ணீருக்கும் தனிச் சட்டி வைக்க வேண்டும். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போக வேண்டும். அதன் பின்னர் நிதானமாகக் கோழியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

முகர்ந்து பார்த்தால் தெரியும்

முகம் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டு, மூக்குச் சளி கெட்ட நாற்றம் அடித்தால் பெரும்பாலும் அது 'கோரைசா' என்னும் தொற்றுச் சளி. நோய் ஒட்டிய 1 முதல் 3 நாட்களுக்குள் வெளிப்பட்டு, கூட்டம் முழுவதும் வேகமாகப் பரவும். இது பாக்டீரியாவால் வருவதால் சல்ஃபா, ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும். ஆனால் குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நாற்றம் இல்லை; இரவில் கூட்டருகே நின்றால் கொர் கொர் என்ற இரைப்பு கேட்கிறது; கண்ணோரத்தில் சோப்பு நுரை போலக் குமிழிகள் தெரிகின்றன என்றால் 'மைக்கோபிளாஸ்மா' கிருமியால் வரும் நாட்பட்ட சுவாச நோய் என்று சந்தேகிக்கலாம். மருந்தால் அடங்குமே தவிர அடியோடு போகாது. முட்டை வழியாகக் குஞ்சுக்கும் தொற்றுவதால், அந்தப் பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது.

இமைக்குள் தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப் பொருள் திரண்டு, வாய்க்குள்ளும் சிறு வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தால் வைட்டமின் 'ஏ' குறைவாக இருக்கலாம். கோடையில் மேய்ச்சல் காய்ந்து, வெறும் குருணையைத் தின்று வளரும் கோழிகளிடம் இது தோன்றும். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தினமும் நறுக்கிப் போட்டு, மஞ்சள் மக்காச்சோளத்தையும் தீனியில் சேர்ப்பது நலம். செலவில்லாத இந்த வைத்தியத்தை விட்டுவிட்டு ஊசி தேடி அலைவோர் பலர்.

கொண்டையிலும் இமையிலும் மரு போன்ற கொப்புளங்கள் இருந்தால் அது அம்மை. கொசுக்கடியாலும் பரவும். இது வைரஸ் நோய். கொல்லும் மருந்து கிடையாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, கண்ணுக்குள் படாமல் மேலே தடவலாம். பொருக்கைப் பிய்த்து எறியக் கூடாது. நோய்க் கிருமி அதில்தான் இருக்கிறது. தொண்டைக்குள் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சு முட்டினால் பிழைப்பது அரிது.

விடியற்காலையில் கூட்டைத் திறந்து, கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். எச்சத்தின் காரநெடி மனிதர் கண்ணையே கரிக்கச் செய்தால், இரவெல்லாம் அதில் அடைந்து கிடக்கும் கோழியின் கண் என்ன ஆகும்? மழைக்குப் பயந்து சாக்கால் கூட்டை இறுக மூடுவதுதான் இதற்குக் காரணம். மேல்பக்கம் காற்றுப் போக வழி விட்டு, ஈர எச்சத்தை வாரி, உலர்ந்த உமியோ மணலோ பரப்ப வேண்டும்.

அபூர்வமாகக் கண்ணுக்குள் நூல் போன்ற வெள்ளைப் புழு நெளிவதும் உண்டு. கரப்பான் பூச்சியைத் தின்பதால் இது வருகிறது.

கண்ணைக் கழுவும் முறை

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, இரண்டு சிட்டிகை அல்ல, ஒரு தேக்கரண்டி மட்டமாக உப்புக் கலந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது சுத்தமான துணியை நனைத்து இமையில் ஒத்தடம் கொடுக்க வேண்டும். ஒட்டியது இளகியதும் மெல்லத் துடைக்கலாம். கட்டியைக் குச்சியால் நோண்டக் கூடாது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு ஆகியவை கண்ணைக் குருடாக்கிவிடும். வீட்டில் மிஞ்சிய கண் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் விழிப்புண் பெரிதாகும். சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

கண் தெரியாத கோழி நோயால் சாவதைவிடப் பட்டினியால் சாவதே அதிகம். அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டி, கம்பங்கூழோ குழைந்த சோறோ சிறுகச் சிறுக ஊட்ட வேண்டும்.

மருத்துவர் சொல்லும் மருந்தைத் தினமும் புதிதாகக் கரைத்து, வேறு தண்ணீர் எட்டாதபடி வைத்து, சொன்ன நாள் முழுதும் கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தினால் அடுத்த முறை அம்மருந்து வேலை செய்யாமல் போகலாம். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பின் மருத்துவர் குறிப்பிடும் நாள் வரையிலும் முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது.

கழிச்சலும் சேர்ந்தால்

மூச்சிரைப்புடன் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, அடுத்தடுத்துச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சல். 1926ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாத் தீவிலும் அறியப்பட்ட இந்நோய், 1927ல் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டது. அந்த ஊரின் பெயராலேயே நம் நாட்டில் 'ராணிக்கெட் நோய்' என்று வழங்குகிறது. இதற்கு மருந்து இல்லை. தடுப்பூசி மட்டுமே உண்டு.

குஞ்சுக்கு 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். கோழியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி நோய் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவதால், அந்தச் சொட்டு மூச்சுப் பாதைக்கே காவல் ஆகிறது. எட்டு வாரம் ஆனதும் இறக்கைத் தோலுக்கடியில் அரை மி.லி. ஊசி போட வேண்டும். அம்மைத் தடுப்பூசியும் ஆறு முதல் எட்டு வார வயதில் இறக்கைச் சவ்வில் போடத்தக்கது. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவார முகாமில் கழிச்சல் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. கோடை தொடங்குமுன் போட்டால்தான் பயன். ஏற்கெனவே தூங்கி விழும் கோழிக்குப் போட்டுவிட்டு ஊசியால் செத்தது என்று குறை கூறுவதில் நியாயம் இல்லை. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்தபின் தாமதிக்காமல் போட வேண்டும். இந்த வைரஸ் மனிதர் கண்ணிலும் சில நாள் சிவப்பை உண்டாக்கும் என்பதால், போட்டவர் கையைச் சோப்பால் கழுவிக்கொள்வது அவசியம்.

தலை வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, ஓரிரு நாளில் கூட்டமே மடிந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் 2006ல் முதன்முதலாக மகாராஷ்டிரத்தில் அது கண்டறியப்பட்டது. மனிதருக்கும் தொற்றக்கூடியது. அத்தகைய கோழியை அறுக்கவோ உரிக்கவோ கூடாது. வாய்க்காலில் எறியவும் கூடாது. தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பரிசோதனைக்கு எடுப்பதா, சுண்ணாம்பு தூவிக் குழியில் புதைப்பதா என்பதை அவர்களே சொல்வார்கள்.

திருமங்கலம் சந்தையில் வாங்கிய கோழியானாலும், சம்பந்தி வீட்டிலிருந்து சீராக வந்த சேவலானாலும், மூன்று வாரமாவது தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு மேய விட வேண்டும்.