எரிகோவின் ஊற்றும் சடையங்குப்பத்தின் குடமும்



இம்மாத ஐக்கியக் கூட்டங்களின் பாடத்திற்கு 2 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரம், 19 முதல் 22 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எரிகோ பட்டணத்தார் எலிசாவிடம் வருகிறார்கள். ஊர் குடியிருக்க ஏற்றதுதான், ஆனால் தண்ணீர் சரியில்லை, நிலமும் பயன் தரவில்லை என்று முறையிடுகிறார்கள். தீர்க்கதரிசி ஒரு புதுப் பாத்திரத்தில் உப்பு கேட்டு வாங்கி, ஊற்று இருக்கும் இடத்துக்கே போய் அதில் போடுகிறார். வீட்டுக் குடங்களை அவர் தொடவில்லை. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு வடசென்னையில் ஓர் ஊரைப் பார்ப்போம். (அங்கே உப்பு மருந்தாயிற்று. நாம் பார்க்கப்போகிற ஊரில் உப்பே நோய்.)

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில், கொசஸ்தலை ஆற்றையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிய தாழ்நிலத்தில் உள்ளது சடையங்குப்பம். தனிப் பஞ்சாயத்தாக இருந்த இவ்வூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. கிழக்கே கடல், பக்கத்தில் ஆறு, கால்வாய், கழிமுகம். தண்ணீருக்குக் குறைவில்லை, குடிக்கும் தண்ணீருக்குத்தான் கவலை.

சென்னையின் குடிநீருக்காக 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே. அது நிரம்பினால் உபரி நீர் அதே ஆற்றில் திறந்துவிடப்படுகிறது. அந்த நீர் எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேருமுன் இந்தத் தாழ்நிலத்தைக் கடந்தாக வேண்டும். 2021 நவம்பரில் அப்படித் திறந்த நீர் சடையங்குப்பத்தையும் பர்மா நகரையும் மணலி புதுநகரையும் சூழ்ந்தது. நகரத்துக்கான குடிநீர் மிஞ்சிப்போய், இங்கே சாக்கடையோடு கலந்து வீட்டுக்குள் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இன்னொன்றும் சேர்ந்தது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை பரவியது.

"வெள்ளம் வடிந்தபின் கிணறு, போர் தண்ணீர் இருக்குமே" என்று கூட்டத்தில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1960-களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நிலத்தடியில் ஏராளமான நல்ல நீர் இருப்பது தெரிந்தது. அங்கே கிணறுகள் தோண்டி நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். பூமிக்கடியில் நல்ல நீரின் அழுத்தமே கடல்நீரை எட்ட நிறுத்தி வைக்கிறது. மழை ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால் அந்த அழுத்தம் குறைந்து கடல் உள்ளே வரும். மீஞ்சூரில் அப்படியே நடந்தது. உப்பு பல கிலோமீட்டர் தூரம் உள்நாட்டுக்குள் ஏறிவிட்டது.

இதன் கணக்கையும் பாருங்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடல்நீரில் இருப்பதோ ஏறக்குறைய 35,000. நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே ஏறக்குறைய 700 மில்லிகிராம் கூடிவிடும். ஒரு தலைமுறை இறைத்துக் கெடுத்ததை மழை கழுவித் தீர்க்கப் பல தலைமுறைகள் ஆகலாம்.

ஆகவே குழாய் எட்டாத தெருக்களில் ஜனங்கள் மெட்ரோ வாட்டர் லாரியையும், தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியையும், காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரையும் நம்புகிறார்கள். நம்முடைய காணிக்கைகள் பெரும்பாலும் "சுத்தம்" என்ற சொல்லை நினைத்தே வருகின்றன. ஃபில்டர் வாங்கித் தரலாமா என்று நல்மனதோடு கேட்கிறவர்கள் அநேகர். ஆனால் சுத்தமான தண்ணீர் வீட்டுக்கு எட்டாமல் இருந்தால், வீடு வந்து சேரும்போது அது சுத்தமாக இருப்பதில்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

லாரியில் வரும் நீர் குளோரின் கலந்ததாக இருக்கலாம். அதைப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து, டிரம்மில் ஊற்றி, அடுத்த லாரி வரும்வரை இரண்டு மூன்று நாள் வைத்திருக்கிறார்கள். குளோரின் மெல்ல மெல்லப் போய்விடும். மூடி சரியாக இராது. குழந்தை டம்ளரோடு கையையும் உள்ளே விடும். குழாய் உள்ள வீட்டிலும் ஆபத்து உண்டு. விட்டு விட்டு நீர் வரும் குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அடிபம்பு அடித்தால், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும்.

தூரத்தையும் யோசியுங்கள். நகரங்களுக்கு அரசுப் பொறியியல் கையேடு வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். தெருக்குழாயை நம்பியிருப்பவர்களுக்கு 40 லிட்டர். அந்த 40-ஐயே எடுத்துக்கொண்டாலும் ஐந்து பேர் குடும்பத்துக்கு 200 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் பதின்மூன்று நடை. போய் வரிசையில் நின்று திரும்ப அரை மணிக்கு மேல் ஆனால் அதை அடிப்படைக் குடிநீர் வசதியாக ஐக்கிய நாடுகள் சபைக் கணக்கு சேர்ப்பதில்லை. குடத்தை இடுப்பில் வைப்பது பெரும்பாலும் தாயும் மகளும்தான். நடை கூடினால் முதலில் குறைவது கைகழுவும் தண்ணீர். அங்கே வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கிறது.

இது பழைய கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 1992-ன் பிற்பகுதியில் அதுவரை அறியப்படாத காலரா கிருமி வகையொன்று நமது சென்னையில்தான் வெளிப்பட்டது. பின்னர் ஓ139 என்று பெயரிடப்பட்ட அது சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் எட்டியது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை.

அந்த நோய்க்கு உப்பு சர்க்கரைக் கரைசலைப்போல மலிவான மருந்து இல்லை. 1971-ல் வங்காள அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் இந்தக் கரைசலைக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நாலுக்குள் இறங்கியது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். அந்த ஒரு லிட்டர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். மருந்துப் பொட்டலத்தை நாம் கொடுத்தனுப்பிவிடலாம். அதைக் கரைக்கும் நீர் அந்தத் தாயின் டிரம்மில் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்போ எண்ணெயோ உலோகமோ போகாது. நீர் வற்ற வற்ற உப்பு கூடவே செய்யும். குளோரின் மாத்திரையும் கிருமிக்கு மட்டும்தான். கலங்கல் நீரானால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு உறையில் சொன்ன அளவு போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெள்ளநீர் புகுந்த தொட்டியை முழுதும் இறைத்துத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்ப வேண்டும். எண்ணெய் வாடை அடிக்கும் தண்ணீரை எந்த மருந்து போட்டும் குடிக்கக் கூடாது.

இவை எல்லாம் குடத்தில் செய்யும் வேலை. ஊற்றில் செய்யும் வேலையும் சிறிது நடந்திருக்கிறது. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 2019-ல் கொடுங்கையூரில் கழிவுநீரை 4.5 கோடி லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. இரண்டாவதே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. கொதிகலனுக்குக் குடிநீர் தேவையில்லை என்று ஒப்புக்கொள்ள நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. கடைசித் தெரு வரை குழாய், அந்தக் குழாயில் தினமும் தண்ணீர் என்பது இன்னும் மிச்சமிருக்கும் வேலை. அதற்காக வார்டு அலுவலகத்தில் மனுவோடு காத்திருப்பவர்களோடு நம் சபையாரும் போய் நிற்கலாம். அதையும் ஊழியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் பொருளாக அனுப்ப விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டில் தண்ணீர் வேண்டாம். ஒரு நாளில் தீரும், காலி பாட்டில் கால்வாயை அடைக்கும். இறுக்கமான மூடியும் அடியில் திருகு குழாயும் உள்ள இருபது லிட்டர் கேன்களாக வாங்கி அனுப்புங்கள். கை உள்ளே போக வழியிராது.