வந்தவர், போனவர், சராசரி

எட்டாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்துக்கு வழக்கமாகக் கிரிக்கெட் ஓட்டங்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். வந்தவாசியில் கோரைப்பாய் நெய்யும் வீடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். சிலருக்கு ஆரணியில் பட்டு நெய்யும் உறவினர்களும் உண்டு. அதனால் இம்முறை தறியை எடுத்துக்கொண்டேன்.

கரும்பலகையில் ஐந்து நெசவாளர்களின் ஒரு நாள் கூலியைக் கற்பனையாக எழுதினேன்: 200, 250, 300, 350, 400 ரூபாய். சராசரி 300. அடுத்த ஆண்டு குறைந்த கூலி வாங்கிய இருவர் தறியை விட்டுச் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். மீதி மூவருக்கும் 20 ரூபாய் குறைத்தேன். 280, 330, 380, சராசரி 330. "கூலி ஏறியிருக்கு சார்" என்றது வகுப்பு. யாருக்கு ஏறியது என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து ஒரு மாணவி, "யாருக்கும் ஏறலை சார், எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு" என்றாள்.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009-10இல் நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்து 43.31 லட்சம் பேர், 2019-20இல் 35.22 லட்சம் பேர். குறைவு 8.09 லட்சம். ஆனால் தொழிலை விட்டவர்கள் 8.09 லட்சம் பேர் என்று சொல்லிவிட முடியாது. இடையில் 2 லட்சம் பேர் புதிதாக வந்திருந்தால் போனவர்கள் 10.09 லட்சம், 5 லட்சம் பேர் வந்திருந்தால் 13.09 லட்சம். நமக்குக் கிடைப்பது நிகர மாற்றம் மட்டுமே.

பொருளியலில் 1992இல் யூகோ ஹோப்பன்ஹைன் உருவாக்கிய மாதிரி இதைத்தான் மையமாக வைக்கிறது. ஒரு தொழிலில் நிறுவனங்களின் மொத்த எண்ணிக்கை மாறாமல் நிற்கும்போதும், கட்டுப்படியாகாதவர் வெளியேற, நுழைவுச் செலவைக் கொடுத்துப் புதியவர் வந்துகொண்டே இருப்பார்கள். பட்டுத்தறியில் நுழைவுச் செலவு என்பது தறியின் விலை மட்டுமல்ல, கற்றுக்கொள்ளும் ஆண்டுகளும்தான். தறியை விற்றவர் திரும்புவது அரிது என்பதால் வெளியேற்றத்தை இன்னும் கவனமாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

பாடம் முடிந்த அன்று என் மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். காலாண்டில் 33 பேர், சராசரி 48. அரையாண்டில் 30 பேர், சராசரி 52. நான்கு மதிப்பெண் உயர்ந்ததாகக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இரண்டு தேர்வும் எழுதிய அந்த 30 பேரை மட்டும் எடுத்துக் காலாண்டுச் சராசரியை மறுபடி கணக்கிட்டேன்: 51.3. உண்மையான உயர்வு 0.7. மற்றதெல்லாம், சராசரியாக 15 மதிப்பெண் எடுத்திருந்த மூன்று பிள்ளைகள் வராமற்போனதால் வந்தது.

இருவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு ஊர் போயிருந்தார்கள். மூன்றாமவன் சான்றிதழ் கேட்கவேயில்லை, வருவதை நிறுத்திவிட்டான். அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பாய்த் தறியில் அம்மாவுக்குக் கோரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவரிடம் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. ஜனவரியில் வகுப்புக்கு வந்தான்.

இப்போது என் பதிவேட்டில் சராசரிக்கு முன் நான்கு கட்டங்கள் உள்ளன: தொடக்கத்தில் இருந்தவர், புதிதாக வந்தவர், போனவர், திரும்பியவர். கடைசிக் கட்டத்தில் இப்போதைக்கு 1 என்று இருக்கிறது.