0.6 விநாடிக்குள் ஒரு சண்டை

மாணவர்களே, முதலில் ஒரு சிறு சோதனை. 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை உங்கள் நண்பரிடம் கொடுத்து, மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே சுழிக் குறியருகே உங்கள் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் கோலைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் கோலை விட்டுவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்றால், கோல் விழுந்த தூரம் 0.2 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 ஆதலால், எடுத்துக்கொண்ட நேரம் √(2 × 0.2 ÷ 9.8), அதாவது ஏறத்தாழ 0.2 விநாடி. கண் கண்டதை மூளை அறிந்து கைக்கு ஆணையிட ஆகும் நேரம் இதுதான். பெரும்பாலோருக்கு இது 0.15 முதல் 0.25 விநாடிக்குள் அடங்கிவிடும்.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு கணிப்பொறி விளையாட்டுக்குள் நுழைவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜேஜெக்ஸ் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ரூன்ஸ்கேப்’ என்ற ஆன்லைன் விளையாட்டை வெளியிட்டது. அதன் 2007-ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 2013 பிப்ரவரியில் ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ வந்தது. அதில் மீன் பிடிக்கலாம், மரம் வெட்டலாம், அரக்கர்களோடு பொருதலாம். ‘வைல்டர்னஸ்’ எனப்படும் வடபகுதிக்குள் கால் வைத்தால், வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதர் உங்களைத் தாக்கலாம். அங்கே தோற்றால் பல வாரம் உழைத்துச் சேர்த்த பொருள்கள் வென்றவர் கைக்குப் போய்விடும். ஆகவே விளையாட்டுத்தானே என்று சொல்லிவிட முடியாது. அரக்கர்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்திய ஆட்டக்காரர்கூட அங்கு நுழைந்ததும் சில விநாடிகளில் தோற்றுப் போகிறார். ஏன்?

துடிப்பு என்பது யாது?

இந்த விளையாட்டின் மையக் கணிப்பொறி, அதாவது சர்வர், 0.6 விநாடிக்கு ஒரு முறைதான் உலகத்தைப் புதுப்பிக்கிறது. ஆட்டக்காரர்கள் இதனை ‘டிக்’ என்பர்; நாம் துடிப்பு என்போம். ஒரு துடிப்பு முடிந்த உடனே நீங்கள் சுட்டியை அழுத்தினாலும், அடுத்த துடிப்புக்குச் சற்று முன்பு அழுத்தினாலும் பலன் ஒன்றே. பேருந்து புறப்படும் நேரத்துக்கு அரைமணி முன்னால் வந்தவரும் அரை நிமிடம் முன்னால் வந்தவரும் ஒன்றாகத்தானே போய்ச் சேருகிறார்கள்!

ஆயுதங்களுக்கும் துடிப்புக் கணக்கு உண்டு. ‘விப்’ எனப்படும் சாட்டையால் 4 துடிப்புக்கு ஒரு முறை, அதாவது 2.4 விநாடிக்கு ஒரு முறை தாக்கலாம். ‘காட்ஸ்வோர்டு’ என்னும் பெரிய வாளுக்கு 6 துடிப்பு, அதாவது 3.6 விநாடி வேண்டும். காத்திருக்கும் நேரத்தை முடிவு செய்வது, கடைசியாகத் தாக்கிய ஆயுதம். எதிரி பெரிய வாளை ஓங்கிவிட்டார் என்றால், அடுத்து எதைக் கையில் எடுத்தாலும் 3.6 விநாடிக்கு அவரால் பொதுவாகத் தாக்க முடியாது. ‘கிரானைட் மால்’ என்னும் சம்மட்டியின் சிறப்புத் தாக்கு இதற்கு விலக்கு. அது காத்திருப்பதே இல்லை; புதியவர்கள் பலர் வீழ்வது அதனால்தான்.

இப்போது 0.2 விநாடியை 0.6 விநாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு துடிப்புக்குள் உங்கள் கை மூன்று முறை பதில் சொல்லலாம். செய்தி கடல் கடந்து போகும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்போம். ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே ஏறத்தாழ 17,000 கி.மீ.; போக வர 34,000 கி.மீ. ஆகவே குறைந்தது 0.17 விநாடி கழியும். கம்பி நேராகப் போவதில்லை ஆதலால் உண்மையில் இன்னும் கூடும். அப்படியும் 0.6-க்குள் இடம் இருக்கிறது. (அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது இதிலிருந்து தானே விளங்கும்.) எனவே கை வேகம் போதவில்லை என்று புதியவர் சொல்வது பாதி உண்மைகூட அல்ல.

கோல் இரண்டானால்

முதல் சோதனையைச் சற்று மாற்றுங்கள். நண்பர் இரு கைகளிலும் இரு கோல்களைப் பிடிக்கட்டும். உங்கள் இரு கைகளும் கீழே தயாராக இருக்கட்டும். அவர் எதை விடுகிறாரோ அதை மட்டும் பிடிக்க வேண்டும். இம்முறை கோல் இன்னும் கீழே இறங்கிய பிறகே அகப்படும். விரல்களின் வேகம் குறையவில்லை. எது என்று தேர்ந்தெடுக்கும் வேலை கூடிவிட்டது. வழிகள் பெருகப் பெருகத் தேர்வு நேரமும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டுக் கூடுகிறது என்பதை வில்லியம் ஹிக் 1952-இல் காட்டினார். வழிகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் சேர்கிறது.

வைல்டர்னஸில் வழிகள் இரண்டல்ல. எதிரி எந்த ஆயுதத்தை எடுத்திருக்கிறார்? எந்தக் காப்பை இட வேண்டும்? உண்ண வேண்டுமா, ஓட வேண்டுமா? பையில் 28 இடங்கள். எந்த இடத்தில் எது? இத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தால் 0.6 விநாடி என்ன, 6 விநாடியும் போதாது.

தேர்ந்தவர் எப்படிச் சமாளிக்கிறார்? சதுரங்க ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர், சதுரங்கப் பலகையைச் சில விநாடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்து நிலை என்றால் வல்லவர் புதியவரைவிடப் பன்மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். தாறுமாறாகப் பரப்பிய காய்கள் என்றால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது! வல்லவருக்குப் பொதுவான நினைவாற்றல் கூடுதல் அல்ல. ஆட்டத்தில் வழக்கமாக வரும் அமைப்புகளை அவர் கொத்துக் கொத்தாகக் காண்கிறார். இந்தச் சண்டையிலும் அப்படித்தான். ‘வில்லை எடுத்தார், ஒரு துடிப்பு ஆயிற்று, என் காப்பு தவறு’ என்று தனித்தனியாக எண்ணாமல், முழுவதும் ஒரே காட்சியாக அவர் கண்ணில் படுகிறது.

மூன்று வகைத் தாக்கு

இங்கு தாக்குதல் மூன்று வகை: நெருங்கி நின்று வெட்டுவது, அம்பெய்வது, மந்திரம் ஏவுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்புப் பிரார்த்தனை உண்டு. மூன்றில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும். சரியான காப்பு இருந்தால், இன்னொரு ஆட்டக்காரர் தரும் அடியில் 40 விழுக்காடு குறைந்துவிடும். உங்கள் காப்பு உங்கள் தலைக்கு மேல் எதிரிக்குத் தெரியும்; அவர் ஆயுதம் உங்களுக்குத் தெரியும். ஆகவே அவர் ஆயுதத்தை மாற்றிக்கொண்டே இருப்பார், நீங்கள் காப்பை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மூன்று தாக்குகளும் சம வலிமை உடையவை என்று வைத்துக்கொள்வோம். எதிரி மூன்றையும் எவ்வித ஒழுங்கும் இன்றிச் சமமாகக் கலந்தால், நீங்கள் எந்தக் காப்பை வைத்தாலும் மூன்றில் ஒரு முறைதான் பொருந்தும். அப்போது சராசரியில் 40-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 விழுக்காடு அடியே குறையும். எதிரிக்குச் சாட்டைமேல் ஆசை அதிகம், பாதி முறை அதையே எடுக்கிறார் என்று கண்டுகொண்டால், அதற்குரிய காப்பை அசையாமல் வைத்திருந்தாலே 20 விழுக்காடு குறைந்துவிடும். இத்தகைய போட்டிகளில் கலந்து ஆடுவதே பாதுகாப்பு என்பதற்கான கணித அடிப்படையை ஜான் ஃபான் நாய்மன் 1928-இலேயே நிறுவினார்.

ஆனால் மனிதனால் ஒழுங்கின்றி ஆட முடிகிறதா? சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் 360 மாணவர்களைக் கல்-காகிதம்-கத்தரி ஆடவிட்டு 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வென்றவர்கள் அதே கையை மீண்டும் காட்டும் போக்கும், தோற்றவர்கள் மாற்றும் போக்கும் தென்பட்டன. உங்கள் எதிரியும் மனிதர்தான். முதல் பத்து அடிகளில் அவர் எதன்பின் எதை எடுக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்வது வேகமான விரல்களைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து.

எப்போது உண்பது?

அடிபட்டவர் உணவு உண்டு உயிர்ப்புள்ளிகளை மீட்கலாம். உயர்ந்த அளவு பொதுவாக 99. ஒரு சுறாமீன் 20 புள்ளி தரும். ஆனால் அதற்கு விலை உண்டு. உண்டவரின் அடுத்த தாக்கு 3 துடிப்பு தள்ளிப் போகும். சாட்டைக்காரருக்கு 4 துடிப்பு 7 ஆகிவிடும். ஓயாமல் உண்பவர் சாகமாட்டார், வெல்லவும் மாட்டார். கையில் உள்ள மீன் தீர்ந்ததும் கதை முடியும்.

அப்படியானால் எந்த எல்லையில் உண்ண வேண்டும்? ஊகம் வேண்டாம், கணக்குப் போடுவோம். எதிரியின் அடி 100-க்கு 60 முறை பலிக்கிறது என்றும், பலித்தால் 0 முதல் 25 வரை எந்த எண்ணும் சம வாய்ப்போடு விழும் என்றும் கொள்வோம். (விளையாட்டின் உண்மைச் சூத்திரம் இதைவிடச் சற்றே சிக்கலானது, நம் நோக்கத்துக்கு இது போதும்.) சராசரி அடி 12.5 × 0.6 = 7.5 மட்டுமே. ‘சராசரி 7.5 தானே, எனக்கு 30 புள்ளி இருக்கிறது, நான்கு அடி தாங்குவேன்’ என்று நினைப்பவர்தான் வைல்டர்னஸில் பிணமாகிறார். சராசரி யாரையும் கொல்வதில்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய அடிகளே கொல்கின்றன.

இரண்டு அடிகளும் பலிக்கும் நிகழ்தகவு 0.6 × 0.6 = 0.36. இரு அடிகளுக்கும் 26 × 26 = 676 இணைகள் உண்டு. கூட்டுத்தொகை 40 அல்லது அதற்கு மேல் வரும் இணைகள் 66. எனவே 40 புள்ளியோடு நின்றால் இரண்டு அடியில் சாகும் வாய்ப்பு 0.36 × 66 ÷ 676, ஏறத்தாழ 3.5 விழுக்காடு. 30 புள்ளியோடு நின்றால்? 30-ஐ எட்டும் இணைகள் 231, வாய்ப்பு 12.3 விழுக்காடு. உயிர்ப்புள்ளி பத்துதான் குறைந்தது, ஆபத்தோ மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! சிறப்புத் தாக்கு ஒன்று இடையில் வந்தால் இந்தக் கணக்கும் தப்பும். ஆதலால் எதிரியின் சிறப்பாற்றல் எவ்வளவு செலவாயிற்று என்பதையும் மனத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும். அந்த ஆற்றல் 30 விநாடிக்கு 10 விழுக்காடு வீதம்தான் ஊறும். பாதி ஆற்றலைத் தின்னும் வாளை இரு முறை வீசியவர், மூன்றாம் முறை வீச இரண்டரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டரை நிமிடம் உங்களுடையது.

கை நடுங்குவது ஏன்?

இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டு போனாலும், முதல் சண்டையில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆபத்தை உணர்ந்ததும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் குருதியில் விடுகின்றன. இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-இல் விவரித்த ‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்ற ஏற்பாடு இது. ஓடவும் மரமேறவும் இது உதவும்; அரை அங்குலப் படத்தின்மேல் சுட்டியை நிறுத்த உதவாது. திரையில் இருப்பது வெறும் ஓவியம் என்று அறிவு சொன்னாலும், இழக்கப்போவது உண்மையான உழைப்பு என்பது உடலுக்குத் தெரிகிறது.

ஆகவே பயிற்சியில் முதலில் இழப்பைச் சிறிதாக்க வேண்டும். ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’ என்ற போட்டியில் 24 பேர் மோதுகிறார்கள். சொந்தப் பொருள் எதையும் கொண்டுபோக முடியாது, ஆயுதங்கள் அங்கேயே தரப்படும். பொருளைப் பந்தயம் வைத்துச் சூதாட்டமாகவே ஆகிப்போயிருந்த ‘டூயல் அரீனா’ 2022-இல் எடுக்கப்பட்டு, அதற்குப் பதிலாக இழப்பில்லாத ‘பி.வி.பி. அரீனா’ வந்தது. வைல்டர்னஸிலும், நீங்கள் முதலில் தாக்கியவராக இல்லாவிட்டால், இறந்தாலும் மிக விலையுயர்ந்த மூன்று பொருள்கள் பொதுவாக உங்களிடமே தங்கும். முன்பின் அறியாத ஒருவர் நட்பாகப் பேசி, நல்ல கவசங்களை அணிந்துகொண்டு வடக்கே வரச் சொன்னால், அது தூண்டில் என்று கொள்ளுங்கள். இழந்ததை மெய்யான பணம் கொடுத்து வாங்கலாம் என்று அழைப்பவரையும் நம்பாதீர்கள். அது விளையாட்டின் விதிக்கே புறம்பு.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் பழகக் கூடாது. ஒரு வாரம் காப்பு மாற்றுவதை மட்டும் கவனியுங்கள்; வென்றீர்களா என்று பாராமல், பத்து அடியில் எத்தனைக்குச் சரியான காப்பு இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆயுதமும் கவசமும் மாற்றுவது. பையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடத்தை நிலையாக ஒதுக்கிவிட்டால், தேடும் வேலை ஒழிந்து கை தானே போகும். சண்டையைப் பதிவு செய்து மறுநாள் ஆறுதலாகப் பார்த்தால், எந்தத் துடிப்பில் கெட்டது என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் இரவில் தூங்கியிருக்க வேண்டும். விரல்களால் ஓர் ஒழுங்கில் தட்டப் பழகியவர்களை மாத்யூ வாக்கரும் உடனிருந்தோரும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். மேற்பயிற்சி இல்லாமலே, ஓர் இரவு தூங்கி எழுந்தபின் வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்தே இருந்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. விடிய விடிய உட்கார்ந்து பழகுபவர் இதைக் கையைவிட்டு இழக்கிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன அதே எதிரியின்முன் 35 உயிர்ப்புள்ளியோடு நிற்கிறீர்கள். அடுத்த இரண்டு அடிகளில் வீழும் வாய்ப்பு எவ்வளவு? குறுக்கே 0 முதல் 25 வரை, நெடுக்கே 0 முதல் 25 வரை கட்டம் போட்டு, கூட்டினால் 35-ஐ எட்டும் கட்டங்களைக் கறுப்பாக்கி எண்ணுங்கள். ஒரு மூலையில் படிக்கட்டு போல அமையும். மொத்தம் 136 கட்டங்கள் வந்தால் சரியாக எண்ணியிருக்கிறீர்கள்.